வேண்டாம் என்று நான் சொன்ன மெட்டுகள்

காபி நன்றாகவே இருக்கிறது, ஹெல்லெவி. காவல் நிலையத்துக் காபியைப் பற்றி எல்லோரும் சொல்லிவைத்ததைக் கேட்டு நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பைக் கீழே வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறைவு. நாற்பத்து மூன்று வயது வரை நான் விடாமல் கடைப்பிடித்த கொள்கை அது ஒன்றுதான்.

வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இதில் வாதாட ஒன்றுமில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். நீங்கள் நிதானமானவர், இடையில் பேசாமல் கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் அதற்குத் தனி மரியாதை உண்டு.

குளிர்காலத்தில் எங்கள் ஏரி உறைந்ததும் அதன்மேல் பாதை போடுவது என் வேலை. ஊர்ப் பாதைக் குழு அதை என்னிடம் ஒப்படைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. பனிக்கட்டியில் துளை போட்டுக் கனத்தை அளப்பேன். தாங்கும் இடமாகப் பார்த்து, இடுப்பு உயர ஊசியிலைக் கன்றுகளைக் காட்டிலிருந்து வெட்டி வந்து, ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே போவேன். கன்றுகள் நிற்கும் வழிதான் பாதை. அந்த வழியில் போகிறவர்கள் யாரும் நின்று பனியைத் தட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால், 'உன் அளவை நம்பவில்லை' என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பதினேழு குளிர்காலம் ஒரு நாய்கூடத் தண்ணீரில் விழவில்லை.

எதிர்த் தீவில் வருடம் முழுவதும் குடியிருந்தவன் கிம்மோ ஒருவன்தான். படகு மோட்டார் பழுதுபார்ப்பான். மற்ற நேரத்தில் கிட்டார்.

எங்களுக்குப் பதினேழு வயதிருக்கும்போது நானும் அவனும் இசைக்குழு ஆரம்பித்தோம். பிளாக் மெட்டல், இரைச்சலும் அலறலுமான இசை. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அந்த வயதில் ஒன்று ஐஸ் ஹாக்கி, இல்லாவிட்டால் இது. ஹாக்கியில் எங்கள் இருவரையும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கிட்டாரும் குரலும் அவன், டிரம்ஸ் நான், வேறு ஆள் கிடையாது. முகத்தில் வெள்ளையும் கரியும் பூசிக்கொண்டு இளைஞர் மன்றத்தில் முதல் கச்சேரி செய்தோம். கிம்மோவின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சத்தம் நல்லா இருந்துச்சுப்பா. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, ஏலக்காய் பன் சூடா இருக்கு" என்றார். அன்று வந்திருந்த பதினொரு பேரில் கடைசிவரை இருந்தவர் அவர் மட்டும்தான்.

எங்களுக்குள் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. மெட்டுகளைக் கிம்மோ கொண்டுவருவான். எது நிற்கும், எது போகும் என்று நான் சொல்வேன். அவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. கையைக் கட்டிப் போட்டாலும் இனிமையான ஒரு மெட்டு அவனிடமிருந்து எப்படியாவது வெளியே வந்துவிடும். வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். "ஐஸ்கிரீம் வண்டி வருதாடா? காசு எடுத்துட்டு வரவா?" என்பேன். சிரிப்பான். அந்த மெட்டு அதோடு முடிந்தது. இப்படி எத்தனையோ மெட்டுகளை நான் தடுத்திருக்கிறேன். நம் இசை யாருக்கும் பிடிக்கக் கூடாது என்பதுதான் பதினேழு வயதில் நாங்கள் இருவரும் கை கொடுத்துக்கொண்ட ஒப்பந்தம். நான் அதைக் காத்தேன். அவ்வளவுதான்.

தெற்கே ஒரு ஊரிலிருந்து வருடத்துக்கு நான்கு முறை ஒரு சின்னப் பத்திரிகை வரும். நம் நாட்டில் பிளாக் மெட்டல் கேட்கிறவர்கள் எல்லோரும் அதைப் படிப்பார்கள். நான் அதில் வேறு பெயரில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியருக்குக்கூட நான் யாரென்று தெரியாது. எங்கள் முதல் ஆல்பம் வந்தபோது அதையும் அவர் எனக்கே அனுப்பினார். பத்துக்கு நான்கு கொடுத்தேன்.

உங்கள் புருவம் உயர்கிறது. காரணத்தைக் கேளுங்கள். அந்த மாதம்தான் தலைநகரிலிருந்து ஒரு நிறுவனம் கிம்மோவைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தது. அவனை மட்டும். வேறு வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வருகிறாயா என்று. அவன் மென்மையானவன், ஹெல்லெவி. அங்கே அவனை நார் நாராகக் கிழித்துப் போட்டிருப்பார்கள். விமர்சனம் வந்த பிறகு அந்த நிறுவனம் மறுபடி கூப்பிடவில்லை. கிம்மோ மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் தினமும் சால்மன் சூப் செய்து எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் இரண்டு கிண்ணம் குடித்தான்.

இரண்டாவது ஆல்பத்துக்கு மூன்று. 'சளி பிடித்த பசு கொட்டகைக் கதவை முட்டுவது போன்ற குரல்' என்று எழுதினேன். கிம்மோ அதை எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டினான். "நல்லாத்தான்டா எழுதியிருக்கான்" என்றான். மூன்றாவதுக்கும் மூன்று. அதன் பிறகு எங்களைக் கச்சேரிக்குக் கூப்பிட ஆள் இல்லை. அவை நல்ல வருடங்கள். சனிக்கிழமை மதியம் நான் தீவுக்குப் போவேன். அவன் சௌனா அறையின் கல்லடுப்பைச் சூடாக்கி வைத்திருப்பான். ஆவியில் குளித்துவிட்டுத் தொத்திறைச்சியை அனலில் வாட்டித் தின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்போம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவன் தனியாக ஓர் ஆல்பம் பதிவு செய்கிறான் என்று ஊர்க் கடையில் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லவில்லை. கடைக்காரர் ஓலவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொண்ணா? போன தடவை வாங்கின சிடியைத் திராட்சைச் செடியில கட்டித் தொங்க விட்டிருக்கேன்பா. பறவை பக்கத்துல வரதில்ல. நல்ல சாமான்தான்."

நானும் சிரித்தேன். பிறகு கிம்மோவிடம் கேட்டபோது, "சும்மா எனக்காகத்தான்டா. உனக்குத்தான் தோள் வலியாச்சே, தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்" என்றான். தோள் வலி உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம். டிரம்ஸ் வாசிக்க மேற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து சைலா என்ற பெண் வந்தாள். பள்ளியில் இசை ஆசிரியை, முப்பது வயது. குளிர்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் வந்து போனாள். நான் போட்ட பாதையில்தான் வந்து போனாள்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை நான் தீவுக்குப் போனபோது கிம்மோ என்னைப் படகுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெஞ்சில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினான்.

"நீ திட்டப்போறேன்னு தெரியும். நாப்பத்து மூணு நிமிஷம்தான். முழுசாக் கேட்டுட்டு மொத்தமாத் திட்டு."

நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், எப்படி ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் பாட்டு எங்கள் வழக்கமான இரைச்சலோடுதான் ஆரம்பித்தது. அரை நிமிடத்தில் அதற்குள்ளிருந்து ஒரு கிட்டார் மெட்டு எழுந்தது. அது அவசரப்படவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி மேலே போய், மேலே போய், இதற்கு மேல் தாங்காது என்று நாம் நினைக்கும் இடத்தில் அவன் குரல் வந்து விழுந்தது. சளி பிடித்த பசு இல்லை. துக்க வீட்டு வாசலில் நிற்கிற மனிதனின் குரல். நான்காவது நிமிடத்தில் என் கண்ணில் நீர் நின்றது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. நான் ரசனை உள்ளவன்.

மூன்றாவது பாட்டில்தான் விஷயம் புரிந்தது. அந்த மெட்டு எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது வயதில் அவன் அதை எனக்கு வாசித்துக் காட்டினான். ஐஸ்கிரீம் வண்டி என்று சொன்னேனே, அது. நான்காவது பாட்டு, அவன் அப்பா இறந்த வருடத்து மெட்டு. 'அழுவுறதுன்னா வெளியே போய் அழுதுட்டு வா' என்று சொல்லியிருந்தேன். ஐந்தாவதும் தெரிந்தது, ஆறாவதும் தெரிந்தது. எட்டுப் பாட்டு, எட்டும் நான் வேண்டாம் என்று சொன்னவை. இருபத்தாறு வருடமாக என் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றையும் கேசட்டில் பிடித்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். நான் சரி என்று சொன்ன ஒரு மெட்டைக்கூட அவன் எடுக்கவில்லை. ஒன்றைக்கூட எடுக்கவில்லை, ஹெல்லெவி.

கூடவே இருந்தவன் முதுகில் குத்துவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் இருபத்தாறு வருடமாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லை.

திட்டவில்லை. "நல்லாருக்கு" என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். அதுவரை அவன் அப்படிச் செய்ததில்லை. பிறகு சௌனாவுக்குப் போனோம்.

சௌனாவுக்குள் குரல் உயர்த்தக் கூடாது, சண்டை போடக் கூடாது. தேவாலயத்தில் எப்படியோ அப்படி. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிம்மோவுக்கும் அது தெரியும். மேல் பலகையில் அருகருகே உட்கார்ந்திருந்தோம். அவன் கல்லின்மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினான். ஆவி அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"ரௌனோ, அந்தப் பத்திரிகைக்காரன் நீதான்னு எனக்குத் தெரியும்டா."

நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்பலேருந்து?"

"ரெண்டாவது ஆல்பத்துலேருந்து. சளி பிடிச்ச பசு! உங்க வீட்டுப் பசுதானே அது. அந்தக் கொட்டகைக் கதவ நான்தானே உங்கப்பாகூடச் சேந்து சரி பண்ணேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வரமாட்ட. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு வேற யாருடா வரா?" இன்னோர் அகப்பை ஊற்றினான். "கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. இந்தத் தடவையும் நீயே எழுது. ஆனா இந்தத் தடவை காதுல கேட்டத எழுது."

பதினாறு வருடம். நான் செய்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு, தொத்திறைச்சி வாட்டிக்கொண்டு, என்னை மன்னித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதையும் நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியாத இடமாகப் பார்த்துச் சொன்னான். நியாயமா அது? நீங்களே சொல்லுங்கள்.

உடம்பைத் துவட்டும்போது, ஏப்ரல் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊலு நகரத்தில் வெளியீட்டுக் கச்சேரி என்றான். சைலா வாசிப்பாள். "நீ முன்வரிசையில உக்காருடா. எங்கம்மா எடத்துல. பின்றதுக்கு நூல் வேணும்னா நான் வாங்கித் தரேன்" என்று என் தொடையில் தட்டினான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

இனி ஏரிக்கு வருகிறேன். தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு குறுகலான இடம் இருக்கிறது. அடியில் நீரோட்டம் உண்டு. ஜனவரியில் அங்கே லாரி போகும். மார்ச் பாதியிலிருந்து நீரோட்டம் பனியை அடியிலிருந்து அரிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் மார்ச் பாதியில் ஒவ்வொரு வருடமும் அங்கிருக்கும் கன்றுகளைப் பிடுங்கி, விரிகுடாவைச் சுற்றி நட்டுவிடுவேன். ஒரு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் மே தினம் வரை தாங்கும். இந்த வருடமும் மார்ச் பதினேழாம் தேதி அப்படியே மாற்றினேன். பாதைக் குழுவின் நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

விபத்து என்று முதலில் நீங்கள் எழுதியதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. வசந்தகாலப் பனியைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது என்று நானும் அன்று சொன்னேன். அது பொய்யில்லை. முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவே.

சனிக்கிழமை, பதினோராம் தேதி காலை எட்டு மணிக்கு ஏரிக்குப் போனேன். முந்தின இரவு பனி பெய்து பழைய தடமெல்லாம் மூடியிருந்தது. குறுகலான இடத்தில் மூன்று துளை போட்டேன். ஆறு சென்டிமீட்டர், ஐந்து, நடுவில் நான்கு. அதுவும் ஊசி ஊசியாகப் பிரிகிற பனி. மனிதன் நின்றாலே சந்தேகம். இருவர் உட்கார்ந்து வரும் பனிவண்டிக்கு வாய்ப்பே கிடையாது. அளந்த பிறகு விரிகுடாவைச் சுற்றி நின்ற இருபது கன்றுகளைப் பிடுங்கினேன். குறுகலான இடத்தின் இரண்டு ஓரங்களிலும் பலகையைப் போட்டு அதன்மேல் தவழ்ந்து அவற்றை நட்டேன். நடுவில் போக முடியவில்லை, அங்கே மட்டும் இடைவெளி கொஞ்சம் அதிகம். காற்றுக்குச் சாயாதபடி அடியில் ஈரப் பனியை வைத்து அழுத்தினேன். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து ரை ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டேன்.

சைலாவின் வாக்குமூலத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். வாசிக்கும்போது என் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கச்சேரிக்குக் கிளம்பிய அவர்கள் வண்டி குறுகலான இடத்தை நெருங்கும்போது அவள் கிம்மோவின் தோளைத் தட்டியிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை நான் வந்தப்ப மரமெல்லாம் அந்தப் பக்கமால்ல இருந்துச்சு?"

"ரௌனோ மாத்தியிருப்பான். அவன் அளக்காம நட மாட்டான்."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது என்கிறீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் அளக்காமல் நடவில்லை. அந்த இடத்தில் ஏப்ரலில் பனி நிற்காது என்று ஏரிக்கரையில் பிறந்த அவனுக்குத் தெரியும். ஆனாலும் கன்று நின்றால் போவான். எங்கள் ஊர்க்காரன் எவனும் போவான். பனியில் விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்குக் கழுத்தில் இரண்டு கூர் ஆணி மாட்டிக்கொள்வார்கள் அல்லவா, அவனுடையது கொட்டகைச் சுவரில் தொங்கியது. என் பாதையில் வரும்போது அவன் அதை மாட்டியதே இல்லை. மாட்டினால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைப்பான். சைலா கடற்கரைக்காரி. அவளுக்கு யாருடைய மரமும் ஒன்றுதான். அவள் கழுத்தில் ஆணி இருந்தது. அதனால்தான் நீங்கள் இப்போது இங்கே உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்கிறீர்கள்.

நான் அப்போது கரையில்தான் இருந்தேன். பத்தே முக்கால் மணி, நல்ல வெயில். என் வண்டியில் நாற்பது மீட்டர் கயிறு இருந்தது. எப்போதும் இருக்கும். சத்தம் கேட்டது. முதலில் இரண்டு குரல். அதில் ஒன்று என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது, மூன்று முறை. அவன் என்னைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒரு குரல். நான் போகவில்லை. பனி தாங்காது என்று எனக்குத் தெரியும், அதை அளந்தவனே நான்தான். அவள் தவழ்ந்து கரைக்கு வந்த பிறகு என் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம். கிம்மோவைக் கொன்றது நான்தான். அவளும் போயிருப்பாள் என்று தெரிந்துதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பொறாமையா என்று இரண்டு முறை கேட்டீர்கள். துரோகத்துக்கும் பொறாமைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். பதினோராம் தேதி மதியம், சாப்பிட்டு முடித்து, அவன் கேட்டபடியே விமர்சனத்தை எழுதி அனுப்பினேன். ஜூன் இதழில் வரும். நான் எழுதியதிலேயே நேர்மையானது அது. 'குறைந்த எதிர்பார்ப்போடு கேட்கத் தொடங்கினேன், வெட்கப்பட்டேன்' என்று ஆரம்பிக்கும். பத்துக்கு ஒன்பது கொடுத்திருக்கிறேன். அந்தப் பத்திரிகையில் நான் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பொறாமைக்காரன் ஒன்பது கொடுப்பானா?

அந்த ஒன்றைக் குறைத்ததிலும் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. டிரம்ஸ் சுமார். சரியான ஆள் ஏரிக்கு இந்தப் பக்கத்திலேயே இருந்தான்.